நூற்றொரு கோல் அடித்த அந்தோணிசாமி

விழுப்புரம்–திண்டிவனம் ஐக்கிய உதைபந்தாட்ட அபிவிருத்தி சபையில் உதைபந்தாட்டம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் ஒழுங்காக நடந்துவந்தன. சபைக்கு ரப்பர் ஸ்டாம்பு இருந்தது. தலைவர் மேஜையைத் தட்டுவதற்குத் தேக்கு மரத்தில் ஒரு சுத்தியல் இருந்தது. மாதாந்தரக் கூட்டத்தில் முதலில் கேசரி, பிறகு பஜ்ஜி, கடைசியில் காப்பி என்று ஒரு கிரமம் இருந்தது. பஜ்ஜியை முதலில் வைத்தால் என்ன என்று ஒரு அங்கத்தினர் கேட்டதற்காக 1938ல் சபை இரண்டாக உடைந்து, ஆறின பஜ்ஜியைப் பார்த்து மனம் மாறி மறுபடியும் ஒட்டிக்கொண்டது.

பந்தும் ஒன்று இருந்தது. யாரோ ஒரு ஜட்ஜ் துரை சீமைக்குத் திரும்பும்போது அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனது. அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, ஆயுத பூஜையன்று மட்டும் வெளியே எடுத்துச் சந்தனம் குங்குமம் இட்டுப் பொரி கடலை படைப்பார்கள். உதைத்தால் பந்து கெட்டுப்போகும் என்பதில் சபையில் எந்தக் கட்சிக்கும் மாறுபட்ட அபிப்பிராயம் கிடையாது. எனக்கு இந்தச் சபையின்மேல் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. பஜ்ஜி நன்றாகவே இருக்கும்.

தலைவர் ராவ் சாகிப் சுப்பராயலு. இரண்டு ஊரிலும் அவருக்கு மல்லாட்டை மண்டி உண்டு; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் மல்லாட்டை. யுத்த நிதிக்கு வாரிக் கொடுத்து ராவ் சாகிப் ஆனவர். இப்போது 1946. வெள்ளைக்காரன் மூட்டை கட்டுகிறான் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. ஊர் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டது. ராவ் சாகிபுக்கோ தூக்கம் போய்விட்டது. அவன் கப்பல் ஏறுவதற்குள் தாம் அடுத்த பட்டமான ராவ் பகதூர் ஆகிவிட வேண்டுமே! அந்தச் சமயத்தில் கலெக்டர் துரை விழுப்புரத்துக்கு முகாம் வருகிறார் என்று செய்தி வந்தது. உடனே அவசரக் கூட்டம் கூடிற்று. ஓய்வு பெற்ற மகத்தான ஆட்டக்காரர் ஒருவருக்குப் பாராட்டு விழா நடத்தி, மைதானத்தில் கல்வெட்டு நாட்டி, கலெக்டர் கையால் திறப்பது என்று தீர்மானம் ஆயிற்று. அந்த ஆட்டக்காரர் யார் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

காப்பி ஊற்றிக்கொண்டிருந்த சபைப் பியூன் முருகையன், "திண்டிவனத்துல அந்தோணிசாமின்னு ஒருத்தன், கூட்ஸ் ஷெட்டுல மூட்டை தூக்கிக்கினு இருக்கறானுங்க. அந்தக் காலத்துல அவன் ஆட்டத்துக்குன்னே கெடாருலேந்து வண்டி கட்டிக்கினு வருவாங்க," என்றான். பியூன் சொன்னதை அப்படியே ஏற்பது மரபல்ல. ஆகையால் காரியதரிசியான திண்டிவனம் வக்கீல் விருத்தாசலம் அதையே இங்கிலீஷில் ஒரு தரம் சொன்னார். சபை கைதட்டி ஏற்றுக்கொண்டது.

அந்தோணிசாமியைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். சபையைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்லும்.

முப்பதுகளில் எங்கள் பக்கத்து மண்டிக்காரர்கள் ஆளுக்கொரு டீம் வைத்திருந்தார்கள். ஜெயித்தால் ஆட்டக்காரனுக்கு ஒரு மூட்டை நல்ல மல்லாட்டை. தோற்றால் பொக்கு மல்லாட்டை. அப்படிக் கூலிக்கு ஆடியவர்களில் அந்தோணிசாமிதான் முதல் ஆள். நடு மைதானத்தில் சென்டர் ஹாப்பாக நிற்பான். ஓட மாட்டான். வெறுங்காலில் பந்தை அமுக்கிக்கொண்டு தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்ப்பான். பிறகு ஒரு ஸ்டேஷன் பெயரைச் சொல்லிக் கத்துவான். எந்த மூட்டை எந்த ஊருக்கு என்று கத்திக் கத்தியே ரயில் வாகனில் ஏற்றிப் பழகின வாய் அது. "விக்கிரவாண்டி" என்றால் பந்து கிட்டத்தில் விழும். "பேரணி" இடது பக்கம், "மயிலம்" வலது பக்கம். எதிராளிக்குப் புரிந்துவிட்டால் அடுத்த ஆட்டத்தில் ஊர்களை மாற்றிவிடுவான். "ஒலக்கூர்" ஒன்றை மட்டும் மாற்றினதே இல்லை. ஒலக்கூர் என்றால் கோலுக்குப் பக்கத்தில், எல்லாருடைய தலைக்கும் மேலே போய் விழுகிற பந்து. தெரிந்தும் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஏனென்றால் அங்கே மண்ணாங்கட்டி முன்னாலேயே போய் நிற்பான்.

மண்ணாங்கட்டி கிளியனூர்க்காரன், மாட்டுவண்டி ஓட்டுகிறவன். மூத்த பிள்ளைகள் தங்கவில்லை என்று, இதுவாவது தங்கட்டுமென்று வைத்த பெயர். அனுப்புவது அந்தோணிசாமி, அடிப்பது மண்ணாங்கட்டி. ஒருவனை மட்டும் கூப்பிட்ட மண்டிக்கு இரண்டு பேருமே போக மாட்டார்கள். 1939ல் பாண்டிச்சேரியிலிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாக்களின் டீம் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தது. கடைசி நேரத்தில் "ஒலக்கூர்!" என்ற சத்தம் கேட்டது. மண்ணாங்கட்டி பாய்ந்து அடித்தான். பந்து உள்ளே போயிற்று, அவன் முட்டி கம்பத்தில் மோதி உடைந்தது. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றினவர்கள், அவன் அலறுவது சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவன் ஆடவில்லை. யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல் அந்தோணிசாமியும் நின்றுவிட்டான்.

சபையின் கடிதம் வந்தபோது அவன் பெண்சாதி சவுரியம்மாள் கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். துடுப்பைக் கீழே வைத்துவிட்டு, "வக்கீலு கூப்புட்றாருன்னா சும்மாவா? எந்த மூட்டையக் கிழிச்சிக்கினு வந்த?" என்றாள்.

"நான் ஒண்ணும் பண்ணலடி."

"பண்ணாதவனத்தான் முதல்ல கூப்புடுவாங்க. போய்ட்டு ஜல்தியா வந்துடு. எத்த நீட்னாலும் கையெழுத்துப் போடாத."

அவள் சொன்னதுபோல அவன் நடந்துகொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

விழுப்புரத்தில் சபை வட்டமாக உட்கார்ந்து அவனை நடுவில் நிற்கவைத்தது. முன்னால் ஒரு காலி நாற்காலி இருந்தது. அது கௌரவ விருந்தினருக்கு. அவன்தான் கௌரவ விருந்தினர் என்பது விழா அன்றுதான் அமலுக்கு வரும்.

"மொத்தம் எத்தனை கோல் அடித்திருக்கிறாய்?" என்று வக்கீல் ஆரம்பித்தார்.

"ஒண்ணும் இல்லீங்க."

ராவ் சாகிப் கேசரியைக் கீழே வைத்தார். "ஒன்றுகூடவா?"

"நான் பந்த அனுப்புற ஆளுங்க, எஜமான். கோலு போட்றது மண்ணாங்கட்டி. வேணும்னா அவன இட்டாந்து நிக்க வெக்கிறேன். அவனுக்குப் பண்ணுங்க விழாவ."

சபையில் ஒரு நெளிசல் ஏற்பட்டது. ராவ் சாகிப் பெருமூச்சு விட்டார். "கலெக்டர் துரை திறக்கிற கல்லில் மண்ணாங்கட்டி என்று செதுக்குவதா? துரை அர்த்தம் கேட்டால் யார் சொல்வது? அந்தோணி என்றால் அவர்கள் வீட்டிலேயே அந்தப் பெயர் இருக்கும். இன்னொன்று, துணிக்கு ரேஷன் இருக்கிற காலத்தில் பொன்னாடைக்கு ஜவுளிக் கூப்பன் ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. ஒரு சால்வைக்கு இரண்டு வீரர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?"

வக்கீல் எழுந்தார். கிரிமினல் கேஸ்களில் பழுத்தவர். "கொள்ளைக்கு வழி காட்டினவனும் கொள்ளைக்காரன்தான் என்கிறது சட்டம். கோலுக்கு வழி காட்டினவன் மட்டும் கோல் அடிக்காதவன் ஆகிவிடுவானா? மண்ணாங்கட்டி வெறும் கருவி. கத்தியைத் தூக்கிலே போடுகிறோமா? ஆகவே, மேற்படி நபர் அடித்த கோல்கள் யாவும் ஆரம்பத்திலிருந்தே அந்தோணிசாமியைச் சேர்ந்தவை என்று பிரேரேபிக்கிறேன்."

பிரேரணை நிறைவேறிற்று. எத்தனை கோல் என்பதில்தான் சண்டை. யாரும் எண்ணி வைக்கவில்லை. ஒரு கட்சி ஐம்பது போதும் என்றது. இன்னொரு கட்சி, கலெக்டர் வருகிற விழாவில் கஞ்சத்தனம் கூடாது என்று இருநூறுக்கு நின்றது. ராவ் சாகிப் சுத்தியலால் தட்டி நூறு என்றார். உடனே பொக்கிஷதார், நல்ல காரியத்தில் முழு எண் வைப்பது ஆகாது, மொய் எழுதும்போதுகூட ஒன்று கூட்டித்தானே எழுதுகிறோம் என்றார். இது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. நூற்றொரு கோல்.

"அம்மாங் கோலு அவன்கூடப் போடலீங்களே!" என்றான் அந்தோணிசாமி.

"சபை முடிவு செய்த பிறகு ஆட்டக்காரருடைய அபிப்பிராயம் எடுபடாது," என்றார் வக்கீல்.

அடுத்தது பூட்ஸ். மகத்தான வீரரின் பூட்ஸ் இல்லாமல் கலெக்டருக்கு எதைக் காட்டுவது? அவன் ஜன்மத்தில் பூட்ஸ் போட்டதில்லை என்றான். அதற்கும் வழி பிறந்தது. ஒரு ஜோடி புதிதாக வாங்கி, பழையதாகத் தெரியும்வரை முருகையன் அதை மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். மறுநாளிலிருந்து முருகையன் வேட்டியும் பூட்ஸுமாக விழுப்புரத்துத் தெருக்களில் நொண்டிக்கொண்டு அலைந்தான். நாய்கள் அவனைப் பின்தொடர்ந்தன.

கடைசியாகச் சம்மதப் பத்திரத்தை நீட்டினார்கள். அந்தோணிசாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ராவ் சாகிப் மிகவும் அன்போடு, "திண்டிவனம் ஷெட்டில் நீ தூக்குகிறதெல்லாம் நம் மண்டி மூட்டைதானே?" என்று கேட்டார். அவன் கையெழுத்துப் போட்டான். பெண்டு பிள்ளை உள்ளவன் வேறென்ன செய்வான்?

ஊருக்குத் திரும்பினவன் வீட்டுக்குப் போகவில்லை. வண்டிப்பேட்டையில் மாட்டுக்குப் புண்ணாக்கு கரைத்துக்கொண்டிருந்த மண்ணாங்கட்டியிடம் போய் நின்றான். மூட்டையிலிருந்து திருடிக்கொண்டு வந்தவனைப் போல அவனுக்குக் கூசிற்று. எல்லாவற்றையும் சொன்னான்.

மண்ணாங்கட்டி முதலில் சிரித்தான். "நூத்தியொண்ணா? நான் அம்மாம் போட்டிருந்தா இன்னேரம் மண்டி வெச்சிருப்பேன்டா." பிறகு வாளியில் கையை விட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தான். கரைந்த புண்ணாக்கையே கரைத்தான். "அந்தோணி, நூறு எட்துக்கோ. வெச்சிக்கினு நான் இன்னா பண்ணப் போறேன்? அந்தப் பாண்டிச்சேரி கோலு மட்டும் உட்றச் சொல்லுடா. மழ வந்தா முட்டி நோவுது. இன்னாத்துக்கு நோவுதுன்னா, அந்தக் கோலுக்குன்னு நெனச்சிக்குவேன். அதுவும் ஒன்னுதுன்னு ஆய்ட்டா, சும்மா நொண்டி ஆயிடுவேன்டா நான்."

அந்தோணிசாமிக்கு அழுகை வந்துவிட்டது. "அத்த நான் வாங்கிக் குட்துட்றேன். மாதா சத்தியமா," என்றான்.

அதற்காக அவன் சபைக்கு மூன்று தரம் நடந்தான். முதல் தரம் போதுமான அங்கத்தினர் வராமல் கூட்டத்துக்குக் கோரம் இல்லை. இரண்டாம் தரம் கோரம் இருந்தது. பஜ்ஜி வரவில்லை என்று ஒத்திவைத்தார்கள். மூன்றாம் தரம் வக்கீல் அவனைத் தோளில் தட்டி உட்காரவைத்தார்.

"கல் வெட்டியாகிவிட்டதப்பா. அதுவும் அந்தப் பாண்டிச்சேரிக் கோலைத்தான் பெரிய எழுத்தில் வெட்டியிருக்கிறது. கல்லில் வெட்டிவிட்டால் அது நடந்ததாகிவிடும். நாளைக்கு வருகிறவர்கள் கல்லைப் படிப்பார்களா, உன் வண்டிக்காரனைப் போய்க் கேட்பார்களா? இத்தனை நாள் வக்கீலாக இருக்கிறேன். உண்மையால் ஜெயித்த கேஸ் ஒன்றை எனக்குக் காட்டு பார்க்கலாம்."

விழா நாளில் மைதானத்தைப் பார்க்க வேண்டுமே! நட்டநடுவில் பந்தல் போட்டு ஒரு பக்கத்துக் கோல் கம்பத்தைப் பிடுங்கி வந்து அதற்குப் பந்தக்காலாக்கியிருந்தார்கள். இன்னொரு கோலுக்குப் பின்னால் கல்வெட்டு. அதன்மேல் பட்டுத் திரை. சுற்றிலும் கயிறு கட்டி, ஆட்டம் தெரிந்த ஜனங்களைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். மயிலத்திலிருந்து தோரணத்துக்கு வாழைமரம் ஏற்றி வந்த வண்டி மண்ணாங்கட்டியுடையது. அவனும் கயிற்றோரம் நின்றான்.

கலெக்டர் துரை வந்து உட்கார்ந்தார். ராவ் சாகிப் பேச எழுந்தார்.

"பால்யத்திலேயே எனக்கு உதைபந்தாட்டத்தில் அளவற்ற பற்று. ஆட வேண்டும் என்று எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன். நினைத்ததோடு நிறுத்திக்கொண்டதற்குக் காரணம் என் தன்னடக்கம். இந்த மைதானம் முன்பு எந்த நிலையில் இருந்தது? சாயங்காலமானால் கண்டவர்களும் கூடி ஓடியாடிப் புல்லை நாசம் செய்தார்கள். நம் சபை வேலி போட்டு, இந்த மைதானத்தை ஆட்டத்திலிருந்து காப்பாற்றியது. இன்று புல் முழங்கால் உயரம் வளர்ந்திருக்கிறது. இதுவே உதைபந்தாட்ட அபிவிருத்தி!"

அங்கத்தினர்கள் கரகோஷம் செய்தார்கள். அப்புறம் வக்கீல் பேசினார். பிறகு வக்கீல் பேச்சுக்கு வந்தனோபசாரம். அதற்கு வக்கீல் பதில் வந்தனோபசாரம். கலெக்டர் துரை தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார்.

நிகழ்ச்சி நிரலின்படி, சரித்திரப் பிரசித்தி பெற்ற பாண்டிச்சேரிக் கோலை வீரர் மறுபடியும் அடித்துக் காட்ட வேண்டும். அது முடிந்ததும் துரை கயிற்றை இழுத்துக் கல்வெட்டைத் திறப்பார், பொன்னாடை போர்த்துவார். கோலியாக வக்கீலின் குமாஸ்தா நின்றார். பந்து எந்தப் பக்கம் வந்தாலும் வலது பக்கமே விழ வேண்டும் என்று அவருக்கு எழுத்து மூலம் உத்தரவு. கண்ணாடிப் பெட்டியிலிருந்து பந்து, குங்குமத்தோடு, தாம்பாளத்தில் வந்தது. பிளாடருக்குக் காற்றடித்தபோது தோல் நொறுநொறுவென்று பேசிற்று.

அந்தோணிசாமி நடு மைதானத்தில், பந்தல் வாசலில் நின்றான். பூட்ஸ் கடித்தது. எதிரே கோல், அதன் பின்னால் அவன் பெயர் செதுக்கின கல். கூலி மூட்டையும் பிள்ளைகளின் களியும் அவன் நினைவில் வந்தன. கயிற்றோரம் தலையைக் குனிந்துகொண்டு, பார்க்கப் பிடிக்காமலும் போக மனசில்லாமலும் நின்ற மண்ணாங்கட்டியைக் கண்டான். உட்கார்ந்தான். பூட்ஸைக் கழற்றி வீசினான். ஒன்று பொக்கிஷதார் மடியில் விழுந்தது. எழுந்து பந்தை வெறுங்காலால் அமுக்கி, தலையை நிமிர்த்திப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"ஒலக்கூஊஊர்!"

ஏழு வருஷம் கழித்து அந்தச் சத்தம் கேட்டது. மண்ணாங்கட்டி யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கயிற்றைத் தாண்டியிருக்க மாட்டான். ஒரு காலால் ஓடி, ஒரு காலை இழுத்துக்கொண்டு, முழங்கால் உயரப் புல்லைக் கிழித்துக்கொண்டு போனான். பந்து, பந்தலுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சபையின் தலைக்கு மேலே, சுத்தியலுக்கும் சொம்புக்கும் மேலே போய், கோலுக்குப் பக்கத்தில் இறங்கிற்று. அவன் அங்கே இருந்தான். அடித்தான். குமாஸ்தா உத்தரவுப்படி வலது பக்கம் விழுந்தார். பந்து இடது பக்கம் போய், பட்டுத் திரையில் மோதி, அதையும் இழுத்துக்கொண்டு, கல்லின்மேல் பட்டென்று வெடித்துச் செத்தது. கலெக்டர் திறக்க வேண்டிய கல்வெட்டு தானாகத் திறந்துகொண்டது.

கயிற்றுக்கு வெளியே ஜனங்கள் போட்ட கூச்சலில் துரை விழித்துக்கொண்டார். பேச்சுக்குத் தூங்கினவர் ஆட்டத்துக்குச் சிரித்தார். தட்டிலிருந்த பொன்னாடையை எடுத்துக்கொண்டு விறுவிறு என்று கோலுக்குப் போய், புல்லில் விழுந்து கிடந்த மண்ணாங்கட்டியைக் கை கொடுத்துத் தூக்கி, அவன் தோளில் போர்த்தினார். கல்லில் இங்கிலீஷில் இருந்த பெயரைப் படித்து, "வெல் டன், அந்தோணிசாமி!" என்று கையைக் குலுக்கினார். பிறகு காரில் ஏறிப் போய்விட்டார்.

பந்தலுக்குப் பின்னால் சபை அவசரமாகக் கூடிற்று. கலெக்டர் ஆள் மாற்றிப் போர்த்திவிட்டார் என்று சொல்ல யாருக்குத் துணிச்சல்? ராவ் பகதூர் பட்டம் என்ன ஆவது? வக்கீல்தான் கை கொடுத்தார். துரை பிழை செய்வது அசாத்தியம். எனவே துரை யாருக்குப் போர்த்தினாரோ அவர்தான் அந்தோணிசாமி. இன்று முதல் சபையைப் பொறுத்தவரை நொண்டுகிற ஆள் அந்தோணிசாமி, நூற்றொரு கோலும் அவருடையது. அப்படியானால் பூட்ஸை எறிந்து, பந்தை நாசம் செய்து, விழாவைக் குலைத்த அந்த இன்னொரு ஆள் யார்? மண்ணாங்கட்டி என்ற பெயர் காலியாகத்தானே இருக்கிறது என்றார் பொக்கிஷதார். மண்ணாங்கட்டி என்பவன் ஆயுள் முழுவதும் மைதானத்தில் கால் வைக்கக் கூடாது, எந்த மண்டி மூட்டையிலும் கை வைக்கக் கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

இரண்டு பேரும் ஊர் திரும்பின மாட்டுவண்டி முண்டியம்பாக்கம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மண்ணாங்கட்டி பொன்னாடையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தான்.

"டேய், கோலு வந்துட்ச்சி. ஆனா ஒம் பேரையும் சேத்துக் குட்துட்டாங்களேடா. பேஜாரா இருக்குது."

அந்தோணிசாமி மல்லாட்டையை உடைத்து அவன் கையில் போட்டான். "வெச்சிக்கோடா. நான் எப்ப எத்த வெச்சிக்கினேன்? கைக்கு வந்தா அனுப்பத்தான தெரியும் எனக்கு."

அடுத்த வாரம் முருகையன் தீர்மானத்தை எடுத்துக்கொண்டு திண்டிவனம் கூட்ஸ் ஷெட்டுக்கு வந்தான். பூட்ஸ் கடித்த கால் இன்னும் ஆறவில்லை. மண்ணாங்கட்டியும் வாகனோரம் மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் பிழைப்பு மண்டி மூட்டை ஏற்றுகிற வண்டி வாடகை ஒன்றுதான். முருகையன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். எல்லாம் தெரிந்தவன், உத்தியோகத்துக்காக ஒன்றும் தெரியாதவன்.

"மண்ணாங்கட்டின்றது யாருப்பா?" என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

மாட்டுக் கயிற்றைப் போட்டுவிட்டு வண்டிக்காரன் வாயைத் திறப்பதற்குள், அந்தோணிசாமி முதுகு மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கையை நீட்டினான்.

"நான்தான்," என்றான்.